கார்டு மறுக்கும் இடத்தில் கிரிப்டோ

சுவீடனின் கோதன்பர்க் நகரில் முல்வாத் என்றொரு விபிஎன் நிறுவனம் இருக்கிறது. இணையத்தில் நாம் எங்கே போகிறோம், எதைப் பார்க்கிறோம் என்பதை அடுத்தவர் கண்ணில் படாமல் மறைத்துத் தருவது அதன் தொழில். மாதக் கட்டணம் 5 யூரோ. வாடிக்கையாளரின் பெயர், மின்னஞ்சல், செல்போன் எண் எதையும் அவர்கள் கேட்பதில்லை. 16 இலக்க எண் ஒன்றைக் கொடுப்பார்கள், அதுதான் கணக்கு. பணம் கட்டும் வழிகள்தான் வேடிக்கையானவை. கார்டு உண்டு. கரன்சி நோட்டை உறையில் போட்டுத் தபாலிலும் அனுப்பலாம். பிட்காயின், மொனேரோ போன்ற கிரிப்டோவில் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி.

2023 ஏப்ரல் 18 அன்று சுவீடன் போலீஸார் சோதனை ஆணையோடு அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் கணினிகளைத் தூக்கிக்கொண்டு போவது திட்டம். அப்படி எந்த விவரத்தையும் தாங்கள் சேமித்து வைப்பதே இல்லை என்று நிறுவனத்தார் விளக்கிக் காட்ட, வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கார்டில் மாதாமாதம் தானாகக் கழியும் சந்தா முறையை அதற்கு முந்தைய ஆண்டே முல்வாத் நிறுத்தியிருந்தது. தானாகக் கழிய வேண்டுமென்றால் யார் எதில் கட்டினார் என்ற பதிவை வைத்திருக்க வேண்டும். பதிவு இருந்தால் ஒருநாள் யாராவது வந்து கேட்பார்கள்.

கிரிப்டோ என்றதும் நம் ஊரில் பேச்சு விலை ஏறுமா இறங்குமா என்பதிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அது உண்டாக்கப்பட்டது இணையத்தில் பணம் கட்டும் இதுமாதிரி வேலைக்குத்தான். சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் பிட்காயினை அறிமுகப்படுத்தி 2008 அக்டோபர் 31 அன்று வெளியிட்ட ஒன்பது பக்கக் கட்டுரை, இணைய வணிகம் பற்றிய புகாரோடுதான் தொடங்குகிறது. இணையத்தில் எதை வாங்கினாலும் நடுவில் ஒரு நிதி நிறுவனம் நிற்கிறது. கட்டிய பணம் பின்னால் திரும்பப் பெறப்படலாம் என்ற பயத்தில் வியாபாரி வாடிக்கையாளரின் விவரங்களைத் தேவைக்கு மேல் கேட்கிறார். இடைச்செலவு காரணமாகச் சில்லறைத் தொகைகளைக் கட்டவே வழியில்லை. இவைதான் அவருடைய குறைகள். வாங்கி வைத்தால் விலை ஏறும் என்ற பேச்சு அந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை.

கட்டும் முறை பார்க்க எளிது. சேவையைத் தேர்ந்தெடுத்து 'பிட்காயின்' என்று அழுத்தினால் ஒரு க்யூஆர் கோடு வரும். அதன் கீழே எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரி, எட்டு தசம இடம் வரை நீளும் ஒரு தொகை, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். பெரும்பாலும் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். அந்த நேரத்துக்கு மட்டும்தான் அந்த விலை. வாங்குபவர் தன் காயின்களைக் கையாளும் வாலட் செயலியைத் திறந்து, கோடை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் உலகெங்கும் இருக்கும் கணினிகளுக்குப் பரவி, சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதப்படும் பொதுப் பேரேட்டில் ஏறும். அந்தப் பேரேடுதான் பிளாக்செயின். பொதுவாகப் பதிவு ஏறிய பிறகுதான் கடைக்காரர் சரக்கைக் கொடுப்பார்.

சிக்கல்களும் இங்கேயே தொடங்குகின்றன. முகவரியில் ஓர் எழுத்து தவறினால் பெரும்பாலான வாலட்கள் கண்டுபிடித்துத் தடுத்துவிடும். ஆனால் சரியான வடிவில் இருக்கும் வேறொருவர் முகவரிக்கு அனுப்பிவிட்டால் போனது போனதுதான். வங்கிக் கிளை மேலாளரிடம் போய் முறையிடுவதுபோல முறையிட முடியாது. கிளையும் இல்லை, மேலாளரும் இல்லை. கடிகாரம் நின்ற பிறகு பணம் போய்ச் சேர்ந்தாலோ, அனுப்பும் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமல் சற்றுக் குறைவாக அனுப்பினாலோ, கடைக்காரருக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். திரும்பப் பெற முடியாது என்ற இந்தக் குணம் விற்பவருக்கு வரம். வாங்குபவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

பெரிய இணைய நிறுவனங்களில் முதலில் இந்தக் கதவைத் திறந்தவற்றுள் ஒன்று வலைப்பதிவுத் தளமான வேர்ட்பிரஸ்.காம். 2012 நவம்பரில் பிட்காயினை ஏற்கத் தொடங்கியபோது அது சொன்ன காரணம் இன்றும் படிக்கத் தக்கது. பேபாலை மட்டும் எடுத்துக்கொண்டாலே, அது அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளை அப்போது ஒதுக்கி வைத்திருந்தது; கார்டு நிறுவனங்கள் பலவும் அப்படித்தான். அரசியல் காரணம், மோசடி பயம், வேறு நிதிக் காரணம் என்று ஏதோ ஒன்று. எத்தியோப்பியாவிலோ ஹைத்தியிலோ கென்யாவிலோ இருக்கும் ஒரே காரணத்தால் ஒருவர் தன் வலைப்பதிவுக்குப் பணம் கட்ட முடியாமல் போகக் கூடாது என்றது நிறுவனம். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2010 டிசம்பரில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸுக்கு நன்கொடை போய்ச் சேரும் வழிகளை விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் அடைத்திருந்தன. நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் இல்லாமலே இது நடந்தது. பிட்காயினை நோக்கி விக்கிலீக்ஸ் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

2014-ல் ஊர்வலமே கிளம்பியது. ஓவர்ஸ்டாக், எக்ஸ்பீடியா, டெல், ஆண்டு முடிவதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று வரிசையாக அறிவித்தார்கள். இவர்களில் பலர் பிட்காயினைக் கையால் தொட்டதே இல்லை. பிட்பே போன்ற இடைநிலை நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் பிட்காயினை வாங்கிக்கொண்டு கடைக்காரருக்கு டாலராகக் கொடுத்தன. நடுவில் ஆள் வேண்டாம் என்று பிறந்த பணத்துக்கு நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டார் என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர்வலம் கலைந்த கதைக்கு ஸ்டீம் நல்ல சாட்சி. கணினி விளையாட்டுகளை விற்கும் இந்தத் தளத்தை நடத்துவது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம். 2016 ஏப்ரலில் பிட்காயினை ஏற்கத் தொடங்கியபோது ஒரு பரிவர்த்தனைக்கான வலைக் கட்டணம் சுமார் 20 சென்ட். 2017 டிசம்பர் 6 அன்று கைவிட்டபோது அது 20 டாலரை நெருங்கியிருந்தது. பிட்காயின் பேரேட்டில் விநாடிக்கு ஏழு பரிவர்த்தனைக்கு மேல் ஏறுவது கடினம். அந்த ஆண்டு இறுதியில் அதன் விலை 20,000 டாலரை நெருங்க, ஊரே உள்ளே நுழைய முண்டியடித்தது. யார் அதிகக் கட்டணம் தருகிறாரோ அவருடைய பதிவு முதலில் ஏறும். அனுப்பும் தொகை பெரிதா சிறிதா என்பதைக் கட்டணம் பார்ப்பதில்லை. ஆகவே பத்து டாலர் விளையாட்டை வாங்கியவர் இருபது டாலர் கூலி கொடுக்க நேர்ந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்.

கட்டணத்தோடும் முடியவில்லை. வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்குள் பிட்காயின் விலை இறங்கிவிட்டால் கட்டிய தொகை போதாது. மீதியை அனுப்பச் சொன்னால் அதற்கு இன்னொரு கட்டணம். கட்டியதைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் ஒன்று. இனி தாங்காது என்று வால்வ் ஒதுங்கிக்கொண்டது. கடைகளுக்காக இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனமும் 2018 ஏப்ரலில் விலகியது. பணம் செலுத்துவதைவிடச் சொத்தாக வைத்துக்கொள்ளவே பிட்காயின் ஏற்றதாகிவிட்டது என்பது அது சொன்ன விளக்கத்தின் சாரம்.

இதில் மனித சுபாவமும் சேர்ந்தது. 2010 மே 22 அன்று ஃபுளோரிடாவைச் சேர்ந்த நிரலாளர் லாஸ்லோ ஹன்யெட்ஸ் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார்; அன்றைய மதிப்பில் சுமார் 41 டாலர். அந்தக் காயின்களின் இன்றைய மதிப்பைக் கேட்டால் தலை சுற்றும். நாளை பத்து மடங்காகும் என்று நம்பும் பணத்தை இன்று யார் செலவு செய்வார்கள்?

கட்டணத்தைக் குறைக்க வழிகள் வராமல் இல்லை. சிறு தொகைகளைப் பேரேட்டுக்கு வெளியே வைத்துக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் லைட்னிங் வலையமைப்பு 2018-ல் புழக்கத்துக்கு வந்தது. அதில் ஒரு ரூபாய்க்கும் குறைவான தொகையைக்கூட நொடியில் அனுப்பலாம். எல் சால்வடோர் இதை நம்பித்தான் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வப் பணமாக்கியது. அரசின் வாலட்டில் பதிவு செய்த குடிமக்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயினை இலவசமாகவும் கொடுத்தது. பலர் அதைச் செலவழித்ததோடு வாலட்டை மூடிவிட்டார்கள். பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்கும்போது போட்ட உடன்பாட்டின்படி, கடைக்காரர்கள் பிட்காயினை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2025 ஜனவரியில் அரசே நீக்கியது.

இப்போது வேகமாக வளர்வது ஸ்டேபிள்காயின். ஒரு காயின் என்றால் ஒரு டாலர். அதை வெளியிடும் நிறுவனம் அதற்கு ஈடாக டாலரையும் அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2014-ல் தெதரும் 2018-ல் யுஎஸ்டிசியும் இப்படி வந்தவை. விலை ஆடாது என்பதால் சந்தா கட்ட வசதி. பிட்காயினை வேண்டாம் என்ற அதே ஸ்ட்ரைப், 2024-ல் யுஎஸ்டிசியோடு திரும்பி வந்தது. ஸ்டேபிள்காயின் தொழில்நுட்ப நிறுவனமான பிரிட்ஜை 110 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் 'ஆடாது' என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தபோது யுஎஸ்டிசியின் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொள்ள, ஒரு டாலர் காயின் 90 சென்ட்டுக்கும் கீழே போய், சில நாளில் மீண்டது. டாலர் ஈடு இல்லாமல் கணக்கு வித்தையில் நின்ற டெர்ரா என்ற ஸ்டேபிள்காயின், 2022 மே மாதம் எழவே முடியாமல் விழுந்தது. இன்னொன்றும் உண்டு: அரசு கேட்டால் தெதரும் யுஎஸ்டிசியும் ஒரு முகவரியை முடக்கிவிட முடியும். பிட்காயினில் அப்படி முடக்க யாருக்கும் அதிகாரமில்லை.

கிரிப்டோவில் கட்டினால் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையும் அரைகுறைதான். பேரேட்டில் பெயர் இருக்காது. ஆனால் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பதை உலகில் யாரும் பார்க்கலாம். காயின்களை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் பான் எண்ணும் ஆதாரும் கொடுத்து வாங்கிய காயினை அனுப்பினால் அந்த இழையைப் பிடித்து ஆள் வரைக்கும் வந்துவிடலாம். 2021 மே மாதம் அமெரிக்காவின் காலனியல் பைப்லைன் நிறுவனத்தை முடக்கிய கும்பல் 75 பிட்காயினைக் கப்பமாக வாங்கியது. அடுத்த மாதமே அதில் 63.7 பிட்காயினை எஃப்பிஐ மீட்டுவிட்டது. முல்வாத் மொனேரோவையும் ஏற்பதன் பொருள் இங்கே புரியும். அதன் பேரேட்டில் அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றும் மறைந்திருக்கும்.

ஆக, கார்டும் வங்கியும் ஒழுங்காக வேலை செய்யும் இடத்தில் கிரிப்டோ தேவைப்படவில்லை. அவை முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில் தேவைப்பட்டது. 2020 அக்டோபரில் நைஜீரியாவில் போலீஸ் அடக்குமுறைக்கு எதிராகத் திரண்ட இளைஞர்களுக்கு நிதி திரட்டிய பெண்கள் அமைப்பு, வங்கி வழி அடைபட்டதும் பிட்காயினில் நன்கொடை வாங்கியது. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் தங்கள் சேவையை நிறுத்தின. போரை எதிர்த்த ரஷ்யர் கையிலிருந்த கார்டும் சேர்ந்தே வெளிநாட்டுத் தளங்களில் செத்துப்போனது. தடை செய்யப்பட்ட செய்திகளைப் படிக்க ஒரு விபிஎன் வாங்கக்கூட அதைக்கொண்டு பணம் கட்ட முடியவில்லை.

நம் நாட்டு நிலைமை வேறு. டீக்கடையில் 12 ரூபாயையும் கட்டணமில்லாமல் யுபிஐயில் அனுப்பிப் பழகியவருக்கு, பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லும் பணத்தின் மேல் என்ன ஆசை வரும்? சட்டம் இன்னும் இழுபறியில் இருக்கிறது. கிரிப்டோ வியாபாரம் செய்பவர்களுக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த வி. ராமசுப்பிரமணியன். அதே சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்து என்று சொன்னார். வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலையில் நடந்த திருட்டுக்குப் பிறகு முடக்கப்பட்ட தன் காயின்களைக் காப்பாற்றக் கோரி முதலீட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. வைத்திருக்கலாம், வாங்கலாம், விற்கலாம். சட்டபூர்வப் பணமாக மட்டும் இந்தியா இதை ஏற்கவில்லை.

வரிதான் செலவழிப்பவரை மடக்குகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. பலர் கவனிக்காத விஷயம்: கிரிப்டோவைக் கொடுத்து ஒன்றை வாங்கினாலும் அது கைமாற்றம்தான், விற்றதாகவே கணக்கு. 200 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த காயின் இன்று 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொடுத்து ஒரு மாத விபிஎன் வாங்கினால், கையில் ஒரு பைசா வராவிட்டாலும் 300 ரூபாய் லாபம். வரி 90 ரூபாய், அதன் மேல் 4 சதவீத செஸ் 3 ரூபாய் 60 காசு. அனுப்பக் கொடுத்த வலைக் கட்டணத்தைக் கழிக்க முடியாது. இன்னொரு காயினில் பட்ட நஷ்டத்தையும் இதில் ஈடுகட்ட முடியாது. ஆண்டு வரம்பைத் தாண்டினால் 1 சதவீத டிடிஎஸ் தனி. மாதம் ஒரு சந்தா கட்டுபவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை இந்தக் கணக்கைப் போட்டு, வாங்கிய விலைக்கு ஆதாரமும் வைத்திருக்க வேண்டும். 500 ரூபாய் சேவைக்கு ஆடிட்டர் தேவைப்படும் நிலை.

இருந்தும் கிரிப்டோவில் கட்ட வேண்டியிருப்பவர்கள், முதலில் சின்னத் தொகையை அனுப்பிப் பார்ப்பதும், ஒட்டிய முகவரியின் முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. நகலெடுத்த முகவரியை ஒட்டும்போது மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. கார்டு, யுபிஐ எதுவும் வேண்டாம், கிரிப்டோவில் மட்டும் கட்டுங்கள் என்று டெலிகிராமில் பகுதிநேர வேலை தருபவரோ, கடன் தருபவரோ, போலீஸ் என்று மிரட்டுபவரோ கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். திருடர் அந்தக் காயினை ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றினால், அங்கிருந்து அது வெளியேறும் வரைக்கும்தான் மடக்க வாய்ப்பு.