சமூக மனநலப் பணியாளர்

சமூக மனநலப் பணியாளர் என்பவர் கடுமையான மனநோய் உடையவர்களுக்கு மருத்துவமனைக்கு வெளியே, அவர்கள் வாழும் ஊரிலும் வீட்டிலும் மருத்துவமும் ஆதரவும் அளிப்பவர் ஆவார். மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோர் இச்சொல்லில் அடங்குவர். கடுமையான மனநோய் என்பது பெரும்பாலும் மனச்சிதைவு நோய், இருமுனையப் பிறழ்வு, மெய்ம்மை உணர்வை இழக்கச் செய்யும் கடும் மனச்சோர்வு ஆகியவற்றைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இப்பணி வளர்ந்த விதத்தையும், விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற வானம் பார்த்த பூமியில் அதன் இயல்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

சென்னையில் மனநோயாளர்களுக்கான காப்பகம் 1794 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அதன் வழிவந்ததாகும். நெடுங்காலம் தமிழ்நாட்டின் தென்கோடியில் இருந்தவர்களுக்கும் அரசு மனநல மருத்துவமனை என்றால் அது ஒன்றே. மல்லாங்கிணற்றிலிருந்து அது ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் உள்ளது. அவ்வளவு தொலைவு அழைத்துச் சென்று சேர்க்கப்பட்டவரைப் பார்க்க மீண்டும் செல்வது கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு எளிதன்று. குடும்பத்தினர் கைவிட்டனர் என்று கூறப்படும் பல நேர்வுகளில் கைவிடச் செய்தது பயணச் செலவே எனலாம்.

மருத்துவத்தில் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் முறைக்கு இந்தியாவில் முன்னோடியாக இருந்தவர் அமிர்தசரசு மனநல மருத்துவமனையின் மருத்துவர் வித்யா சாகர். 1950களில் அவர் நோயாளரின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். 1970களின் நடுப்பகுதியில் பெங்களூரை அடுத்த சக்கலவாராவிலும், வட இந்தியாவில் ராய்ப்பூர் ராணியிலும் ஊரக மனநலப் பணிகள் சோதித்துப் பார்க்கப்பட்டன. இவற்றின் பட்டறிவைக் கொண்டு 1982இல் தேசிய மனநலத் திட்டம் உருவாயிற்று. பின்னர் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடந்த முயற்சியை மாதிரியாகக் கொண்டு, 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. அவற்றுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. திட்டம் பின்னர் மாநிலம் முழுவதற்கும் படிப்படியாக விரிவாக்கப்பட்டது.

அரசுசாரா அமைப்புகளின் பங்கும் பெரிது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தை (ஸ்கார்ஃப்) சென்னையில் தோற்றுவித்தார். மதுரையில் எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992இலும், சென்னையில் பானியன் அமைப்பு 1993இலும் தொடங்கப்பட்டன.

ஏர்வாடி தீ விபத்து

விருதுநகர் மாவட்டம் 1985 வரை ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஏர்வாடி தர்காவுக்கு மனநோய் நீங்க வேண்டி எல்லாச் சமயத்தவரும் செல்வது வழக்கம். தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பல பெருகின. உறவினர்கள் பணம் கட்டி நோயாளரை அவற்றில் விட்டுச் சென்றனர். 2001 ஆகஸ்டு 6 அன்று அதிகாலையில் அவற்றுள் ஒன்றான மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் அங்கிருந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன.

காப்பகங்களை மூடியது தேவையான செயலே. ஆனால் அங்கிருந்தோரில் பலர், எந்த ஊரிலிருந்து மருத்துவம் கிடைக்காமல் வந்தனரோ அதே ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சமூக மனநலப் பணியின் தேவையைத் தமிழ்நாட்டில் இந்நிகழ்வைப் போல் வேறெதுவும் உணர்த்தவில்லை எனலாம்.

பணியின் இயல்பு

மாவட்ட மனநலக் குழு குறிப்பிட்ட நாள்களில் வட்டார மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் சென்று புறநோயாளரைப் பார்ப்பது இத்திட்டத்தின் அடிப்படை அமைப்பு. எனினும் மிகவும் நலம் குன்றியவர் தாமாக அங்கு வருவது அரிது. அவர் வீட்டின் பின்கட்டில் முடங்கியிருக்கலாம். பேருந்து நிறுத்தத்தில் படுத்திருக்கலாம். அவரை முதலில் அறிந்திருப்பவர் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியரோ பக்கத்து வீட்டாரோ ஆவர். ஆகவே நோயைக் கண்டறியும் பணி மருத்துவ அறையில் தொடங்குவதில்லை, ஊராருடன் பேசுவதில் தொடங்குகிறது.

முதல் சந்திப்பிலேயே மருந்து கொடுத்துவிட இயலும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று உறுதியாக நம்புபவருக்கு, புதிதாக வந்து மாத்திரை நீட்டுபவரும் சதிகாரரே. அந்த நம்பிக்கையை மறுத்து வாதிடுவதும் ஆமோதிப்பதும் பயன் தருவதில்லை. அவரைத் துன்புறுத்துவது எது, உறக்கம் உண்டா, சாப்பிட்டாரா என்று கேட்டுத் தொடங்குவதே வழக்கம். பல நாள் உறங்காதவர் உறக்கத்திற்கு உதவி வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்வார். தனக்கு நோய் என்பதை ஏற்காமலும் இருப்பார்.

குடும்பத்தினருடன் பேசுவதும் இணையான பணியாகும். மனநோய்க்கான எல்லா மருந்தையும் தூக்க மாத்திரை என்றே அழைப்பதைப் பரவலாகக் காணலாம். ஆள் உறங்கத் தொடங்கியதும் மருந்தை நிறுத்துவது இதன் விளைவு. 65 ஆய்வுகளை ஒன்றிணைத்து 2012இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றின்படி, ஓராண்டளவில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நிறுத்தியவர்களில் 64 விழுக்காட்டினருக்கும் மனச்சிதைவு மீண்டது. சோற்றில் மறைத்து மாத்திரை கொடுப்பதும் உண்டு. கண்டுபிடிக்கப்பட்டால் நோயாளரின் ஐயம் உண்மையாகிவிடும். அதன்பின் அவர் வீட்டில் உண்பதையே நிறுத்திவிடக்கூடும். திருமணத்தின்போது நோயை மறைத்து, புகுந்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என மருந்தை நிறுத்திவிடும் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. நோய் திரும்பியதும் அவர்களில் பலர் பிறந்த வீட்டுக்கே அனுப்பப்படுகின்றனர்.

நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள இயலாதவர்களுக்கு புளூபெனசின் டெக்கனோயேட் போன்ற நெடுநேரம் செயல்படும் ஊசி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படுகிறது. குறித்த நாளில் வராதவரைத் தேடிச் செல்வது இப்பணியின் பெரும்பகுதி. அவர் வேலை தேடி வெளியூர் சென்றிருக்கலாம், பேருந்துக் கட்டணம் இல்லாமல் இருந்திருக்கலாம், நோயும் திரும்பியிருக்கலாம். சென்று பார்த்தால் ஒழிய வேறுபடுத்தி அறிய இயலாது.

வெயிலும் மருந்தும்

பாடநூல்களில் சில வரிகளோடு முடிந்துவிடும் ஒரு செய்தி இப்பகுதியில் முதன்மை பெறுகிறது. மனச்சிதைவுக்கான மருந்துகளில் பலவும், அவற்றின் பக்கவிளைவான விறைப்பைக் குறைக்கத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மருந்தும் உடலின் வெப்பச் சீராக்கத்தைப் பாதிக்கின்றன; பின்னது வியர்வையையும் குறைக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் காட்டு வேலை செய்பவருக்கும், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுபவருக்கும் வெப்பத்தாக்கு ஏற்படும் இடர் இதனால் கூடுகிறது.

இருமுனையப் பிறழ்வுக்குத் தரப்படும் லித்தியம் இன்னும் கவனம் வேண்டுவது. இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை தோன்றலாம். பயன்தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வளவே. உடலில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் லித்தியத்தைத் தேக்கி வைக்கிறது. வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை, தண்ணீரும் அருந்தாத விரதம் ஆகியவற்றுக்குப் பின் அளவு உயரக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரைகளில் பலவும் இதே விளைவை உண்டாக்கும். நடை தள்ளாடுதல், நடுக்கம் மிகுதல், வாந்தி, பேச்சுக் குழறல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். குழறிப் பேசித் தள்ளாடி வருபவரைக் குடித்தவர் என்று ஒதுக்கிவிடும் பிழை இங்கு நேர வாய்ப்புண்டு. ஆகவே கோடைக் காலத்தில் வீட்டுக்குச் செல்லும் பணியாளர், மனம் எப்படி இருக்கிறது என்பதற்கு முன் தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்பது பொருத்தமானது.

வழிபாட்டிடங்கள்

இவ்வட்டாரத்தில் நோய் தோன்றியதும் கோடாங்கியிடமோ கோவிலுக்கோ தர்காவுக்கோ செல்லும் குடும்பங்கள் பல. இதனை மூடநம்பிக்கை என்று இகழும் பணியாளரிடம் அக்குடும்பம் இரண்டாம் முறை வாய் திறப்பதில்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 பேரைப் பற்றி 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. மருந்தின்றியே அவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதனை அளவோடு கொள்ள வேண்டும். அச்சுறுத்தாத, வேலையும் ஒழுங்கும் உள்ள இடம் நன்மை செய்கிறது என்பதற்கு இது சான்றாகலாம். சங்கிலிக்கு இது சான்றாகாது. ஏர்வாடியிலேயே பின்னாளில் வழிபாட்டோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மனநலச் சேவை ஏற்படுத்தப்பட்டது.

சட்டம்

1987 ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்துக்கு மாற்றாக வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதல் இதன் 95 ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. சமூகத்தில் வாழும் உரிமையை 19 ஆம் பிரிவு அளிக்கிறது. வீட்டில் சங்கிலியைக் காணும் பணியாளருக்குச் சட்டம் தெளிவு. செயல் அவ்வளவு தெளிவன்று. பகலில் இருவரும் வேலைக்குச் சென்றாக வேண்டிய பெற்றோர், மகன் கிணற்றில் விழுந்துவிடுவான் என்ற அச்சத்தில் கட்டிவைத்திருப்பர். உடனடியாக மருத்துவமனையில் சேர்த்தல், மருந்து, பகலில் உடனிருக்க ஓர் ஆள் ஆகியவற்றை ஏற்பாடு செய்யாமல் சங்கிலியை மட்டும் அகற்றினால், அது மறுவாரம் திரும்பிவிடும்.

பயனும் மறுவாழ்வும்

2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உளப்பிறழ்வு நோயுடையோரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மருத்துவம் பெறவில்லை. பட்டம் பெற்ற வல்லுநர்களைக் கொண்டு மட்டும் இவ்விடைவெளியை நிரப்ப இயலாது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் செல்லும் முறை காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு உடைய 282 பேரிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2014இல் லான்செட் இதழில் வெளியாயின. நோய்க்குறிகளிலும் இயலாமையிலும் ஏற்பட்ட முன்னேற்றம் மிதமானதே. ஆனால் இயலாமை குறைந்தது காஞ்சிபுரத்தின் ஊரகப் பகுதியில் கூடுதலாக இருந்தது. மற்ற சேவைகள் மிகக் குறைவாக உள்ள இடத்தில் இம்முறை மிகுதியாகப் பயன்படும் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

நோய்க்குறி தணிந்தபின் வேலையே பலருக்கு முதன்மைத் தேவையாகிறது. ஆடு மேய்த்தல், தறி வேலை, தீப்பெட்டி ஒட்டுதல் என முன்பு செய்த தொழிலுக்கே திரும்புவோர் உண்டு. இயலாதவர்களுக்கு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் கீழ் சான்றிதழ் பெற வழியுண்டு. தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், தொடர்பாடல், வேலை ஆகிய நான்கையும் நோயின் கால அளவையும் கொண்டு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. உதவிகளுக்குப் பொதுவாக 40 விழுக்காடு இயலாமை தேவை. மதிப்பீட்டு நாளில் நன்றாக உடுத்தித் தெளிவாகப் பேசுபவருக்கு மதிப்பெண் குறைந்துவிடலாம். கடந்த ஈராண்டில் அவர் எத்தனை நாள் வேலைக்குச் சென்றார், எத்தனை நாள் படுத்திருந்தார் என்பதைத் தேதியோடு குறித்துவைத்துள்ள பணியாளரின் குறிப்பேடு அந்நாளில் பயன்படுகிறது.