வளர்ப்புப் பிள்ளை வளர்ந்த பிறகு...

தாயை இழந்த பிள்ளையைச் சின்னம்மா எடுத்துக்கொள்வதும், வறுமையில் வாடும் குடும்பத்துக் குழந்தையைப் பக்கத்து லயத்துக்காரர் தூக்கி வளர்ப்பதும் மலாக்கா தோட்டங்களுக்குப் புதிதல்ல. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் இப்படி வளர்ந்தவர்கள் இன்று பிள்ளை, பேரப்பிள்ளை கண்டிருக்கிறார்கள். அவர்களை வளர்த்தவர்களின் பாசத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வளர்ப்புப் பிள்ளை பெரியவரான பிறகு சந்திக்கும் சிக்கல்களைப் பற்றி நம் சமூகம் அதிகம் பேசுவதில்லை.

மனத்தில் தங்குவது

குழந்தைப் பருவ அனுபவம் முதிர்ந்த வயதிலும் தொடர்கிறதா? ருமேனியாவிலிருந்து பிரிட்டன் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 165 பிள்ளைகளை ஆய்வாளர்கள் இருபது வயது கடந்தும் கவனித்தனர். அதன் முடிவு 2017-இல் வெளிவந்தது. விடுதியில் 6 மாதத்துக்கும் குறைவாக இருந்தவர்கள் மற்ற இளைஞர்களைப் போலவே இருந்தனர். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்குக் கவனச் சிதறலும் பிறரோடு பழகுவதில் சிக்கலும் நீடித்தன. ஆயினும் அவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதிப்பின்றி வளர்ந்தனர்.

அமெரிக்காவில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த 659 பேரைப் பற்றிய ஆய்வு 2005-இல் வெளியானது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பழைய அதிர்ச்சியின் மனப் பாதிப்பு இருந்தது. அடிக்கடி வீடு மாற்றப்படாதவர்களின் நிலை மேலாக இருந்தது.

இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. ஓர் ஆண்டு பாட்டி வீடு, மறு ஆண்டு மாமா வீடு என்று பிள்ளையைப் பந்தாடக்கூடாது. சீக்கிரமே ஒரு வீடு, அதுவும் நிலையான வீடு என்பதே அப்பிள்ளைக்கு வேண்டியது. “நீ வளர்ப்புப் பிள்ளை” என்ற உண்மையையும் வளர்த்தவர்களே சிறு வயதில் பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது. கல்யாணப் பேச்சின்போது ஊரார் வாயிலிருந்து அதைக் கேட்பவர், வளர்த்தவர்கள் மீதே நம்பிக்கை இழக்கக்கூடும்.

பத்திரம் இல்லாத பாசம்

தோட்டப்புறத்தில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது பதிவுதான். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, பிறர் பிள்ளையைப் பொறுப்பில் எடுப்பவரும் கொடுப்பவரும் ஒரு வாரத்துக்குள் குழந்தைப் பாதுகாவல் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ‘நம்ம சொந்தக்காரப் பிள்ளைதானே’ என்று விட்டுவிட்டால், 12 வயதில் அடையாள அட்டைக்குச் செல்லும்போது தொல்லை தொடங்குகிறது. அடையாள அட்டை இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு, வாகன லைசென்ஸ், திருமணப் பதிவு எல்லாமே தடைதான்.

தத்து எடுத்தாலே குடியுரிமை வந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. பெற்றவர்களின் விவரங்களும் கேட்கப்படும். பெற்றோர் யாரென்று தெரியாமல் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளை இந்நாட்டுக் குடிமகனே என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமைக்காக வளர்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது.

சொத்து யாருக்கு?

முஸ்லிம் அல்லாதோருக்கு இரண்டு வழிகள் உள்ளன. 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்ற ஆணை பெறலாம். அல்லது, பிள்ளையைத் தொடர்ந்து 2 ஆண்டுகள் வளர்த்த பிறகு, 18 வயதுக்கு முன் தேசியப் பதிவு இலாகாவில் தத்துப் பதிவு செய்யலாம். இரண்டாவது வழி எளிதாகத் தெரியும். ஆனால் வளர்த்தவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டம் நீதிமன்ற ஆணை பெற்ற தத்துப் பிள்ளையை மட்டுமே பிள்ளையாக ஏற்கிறது. வெறும் பதிவு மட்டும் உள்ளவருக்குப் பங்கு இல்லை. கடைசிவரை பெற்றோரைப் பார்த்துக்கொண்டவர், எப்போதோ வந்துபோன உறவினரிடம் வீட்டை விட்டுக்கொடுக்க நேரிடலாம்.

எனவே பிள்ளையை வளர்ப்பவர்கள் இன்றே மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: பிறப்புப் பத்திரம், தத்து ஆவணம், உயில். ஊழியர் சேமநிதியிலும் பிள்ளையின் பெயரை வாரிசாகக் குறிப்பிடலாம். வழி தெரியாதவர்கள் அருகிலுள்ள சமூக நல இலாகாவையும் பதிவு இலாகாவையும் அணுகலாம். பிள்ளை சிறியதாக இருக்கும்போது ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. பெரியவனான பிறகு அவன் பல ஆண்டுகள் அலைய வேண்டியிருக்காது.