அன்பும் அமைதியும்

மக்கள் யாவரும் விழைவது மனவமைதி. அதனை அடையும் வழியிலோ கருத்து வேறுபாடு மிகவுண்டு. பற்றுள்ள இடத்திற் பிரிவும், பிரிவுள்ள இடத்தில் துயரும் உண்டாதலைக் கண்ட சிலர், அன்பு செய்தலே துன்பத்துக்கு வித்தென்றும், உள்ளத்தை வறிதாக்கிக் கொள்வதே அமைதிக்கு வழியென்றும் கருதுவர். தமிழ்ச் சான்றோர் கண்ட நெறி இதற்கு மாறானது.

திருவள்ளுவர் இல்லறவியலில் அன்புடைமையை 8 ஆம் அதிகாரமாகவும், துறவறவியலில் அருளுடைமையை 25 ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். தொடர்புடையார்மேற் செல்லுவது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்கள்மேலும் செல்லுவது அருள் என்று பரிமேலழகர் இவற்றை வேறுபடுத்துவர். அன்பே அருளுக்குத் தாய் என்பது வள்ளுவர் கருத்து. எனவே, துறவு என்பது அன்பை அறுத்தலன்று. அதன் எல்லையை விரித்தலேயாம்.

அங்ஙனமாயின், அன்புடையார் உள்ளம் அலைக்கப்படுவது எதனால்? யான், எனது என்னும் செருக்கினால் என்பது சைவ சித்தாந்தத்தின் விடை. இச்செருக்குக்கு மூலம் ஆணவமலம். மகன்மேல் அன்புடைய தந்தை ஒருவன் அவன் நலத்தை வேண்டுகிறான். தன் விருப்பின்படியே அவன் நடத்தல் வேண்டும் என்றும் எண்ணுகிறான். முன்னது அன்பு, பின்னது அன்பின் போர்வையில் நிற்கும் தன்முனைப்பு. வீட்டின் அமைதியைக் குலைப்பது பின்னதே.

12 ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்திற் கண்ணப்பர் வரலாறு இவ்வுண்மையை விளக்கும். காளத்தியில் விதிப்படி பூசை செய்த சிவகோசரியார், திருமுன் ஊன் கிடக்கக் கண்டு பெரிதும் கலங்கினார். நியமத்தில் அவர் குறைந்தவரல்லர். அந்த ஊனை இட்டவருடைய அன்பை அறியாமையே அவர் கலக்கத்துக்குக் காரணம். இறைவன் கனவிற் பணித்தவாறு ஆறாம் நாள் மறைந்து நின்று நோக்கியபோது, திருமேனியின் கண்ணிற் குருதி பெருகக் கண்ட வேடர் பதைத்துப் பச்சிலை தேடி அலைந்ததையும், ஈற்றில் தம் கண்ணையே இடந்து அப்பியதையும், குருதி நிற்கக் கண்டு களிப்பினால் ஆடியதையும் அவர் கண்டார்.

அன்புடையார்க்குத் துயரே இல்லை என்பது இதன் கருத்தன்று. கண்ணப்பரும் துடித்தார். ஆயின், அத்துடிப்பிற் தம்மைப்பற்றிய எண்ணம் சிறிதும் இல்லை. ஆதலின், தம் கண்ணை இழந்த பொழுதே அவர் உள்ளம் நிறைவெய்திற்று. பெறுதலிற் தேடுவோர்க்குக் கிட்டாத அமைதி கொடுத்தலில் அவருக்குத் தானே வந்தது.

13 ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 11 ஆம் சூத்திரத்தில், மறவாத அன்பினால் உயிர் இறைவன் திருவடியை அடையும் என்றார். 12 ஆம் சூத்திரத்தில், அந்நிலை எய்தியோரும் அடியாரோடு கூடி வாழ்தல் வேண்டும் என விதித்தார். முதிர்ந்த ஞானமும் மனிதரை விட்டு விலகச் சொல்லவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மனவமைதியை விரும்பும் மாணவர் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. உடன் பயில்வோன் பெற்ற வெற்றியிற் தானும் மகிழ்தல், நன்றி கருதாது உதவுதல், பிறர் வழிபாட்டை இகழாமை ஆகிய இவை 'எனது' என்னும் முடிச்சைச் சிறிது சிறிதாக அவிழ்க்கும். முடிச்சு அவிழ அவிழ அன்பு விரியும். அன்பு விரிந்த உள்ளத்தில் அமைதி நிலைபெறும்.