கல்லில் உள்ள பெயரும் ஏட்டில் உள்ள பெயரும்

மூணாறு என்றதும் பலருக்குப் பனியும் தேயிலையும் நினைவுக்கு வரும். நம் வாசகர்களில் சிலருக்கோ அது பாட்டனும் பாட்டியும் உழைத்து ஓய்ந்த மலை. அங்கே சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்தின் பின்புறக் குன்றில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப வரலாறு தேடுவோர் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம் அது.

பொதுவாகக் கோயில் முதலில் எழும்பும், கல்லறை பின்னால் வரும். இங்கே முறை மாறியது. தோட்ட அதிகாரி ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட்டின் இளம் மனைவி எலினோர் 1894 டிசம்பரில் காலராவில் இறந்தார். அந்தக் குன்றில் அவரை அடக்கம் செய்தார்கள். ஆலயம் கட்டும் வேலை தொடங்கியது 1910இல்தான். பின்னாளில் மேலும் பல துரைமார் குடும்பத்தினர் அங்கே அடக்கமாயினர். பெயர், வயது, இறந்த நாள், கல் நாட்டியவரின் உறவு எனக் கல்லில் பொறித்த நான்கு வரிகளே ஒரு குடும்பக் கதையைச் சொல்லிவிடும்.

அதே காலத்தில் போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலையேறிய நம்மவர்களின் கல் எங்கே? காலராவும் மலேரியாவும் துரை வீடு, கூலி லயம் என்று பார்த்து வரவில்லை. ஆனால் கல் வெட்டப் பணம் வேண்டும். தோட்டத்து இடுகாட்டில் மண்மேடும் மரச்சிலுவையும் சில மழைக்காலங்களோடு கரைந்து போயின. ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். வீடு கைமாறியதும் குடும்பம் ஊரை விட்டது. கல்லறையைக் காட்டித்தர ஆள் இல்லாமல் போயிற்று.

அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. கல்லில் இல்லாத பெயர் ஏட்டில் இருக்கலாம்.

முதலாவது, கோயில் பதிவேடுகள். ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயரோடு தாய் தந்தை பெயர், இருப்பிடம், தந்தையின் தொழில் ஆகியவை இருக்கும். அடக்கப் பதிவேட்டில் வயதும் நாளும் கிடைக்கும். கத்தோலிக்கக் குடும்பத்தினர் 1898இல் தொடங்கிய மூணாறு மவுண்ட் கார்மல் ஆலயத்தில் கேட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1908 முதல், ஒருவரின் திருமணச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, அங்குள்ள ஏட்டின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. ஆகவே மூணாற்றில் நடந்த திருமணத்தின் தடயம் திருநெல்வேலிச் சீமையின் ஏதோ ஒரு பங்குக் கோயிலில் காத்திருக்கக்கூடும்.

இரண்டாவது, வேலைத் தாள்கள். செக்ரோல் துண்டு, பழைய ரேஷன் அட்டை, வருங்கால வைப்பு நிதிப் படிவம் எதையும் குப்பையில் போடாதீர்கள். வைப்பு நிதிப் படிவத்தில் வாரிசின் பெயரும் உறவும் எழுதப்பட்டிருக்கும். கோயிலேடு இல்லாத இந்துக் குடும்பங்களுக்கு இவையே பெருந்துணை.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரர்கள். கங்காணிமார் பெரும்பாலும் தம் ஊர், உறவிலிருந்தே ஆள் சேர்த்தார்கள். பூர்வீக ஊர் மறந்திருந்தால், அதே லயத்தில் இருந்த மற்றக் குடும்பங்களின் ஊரைக் கேளுங்கள். பாதி வழி தெரிந்துவிடும்.

ஆண்டுக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. பெரியவர்கள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முந்தி' என்பார்கள். அது கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலையில் மூணாற்றின் ரயில் பாதையையே அடித்துச் சென்ற பெருவெள்ளம். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரையுள்ள நாளுக்கு 824ஐயும், ஜனவரிக்குப் பின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

இது பழங்கதை மட்டுமன்று. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறு. ராஜமலையில் அவர்களை அடக்கம் செய்தார்கள். அந்தப் பெயர்களை நாடே வாசித்தது. அதற்கு முன் நூறாண்டுக் காலம் ஒருவர் ஒருவராக மண்ணுக்குள் போனவர்களின் பெயரை யார் வாசிப்பது? அவரவர் வீட்டார்தான் வாசிக்க வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் மூத்தவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்: பெயர் என்ன, பூர்வீகம் எது, எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எங்கே அடக்கம் செய்தார்கள்? சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். செல்பேசியில் குரலையும் பதிவு செய்துகொள்ளலாம். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் பக்கத்திலேயே அவர்கள் அறிந்த எழுத்திலும் அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள். பதிவேடு நூறாண்டு காத்திருக்கும். எண்பது வயதுப் பாட்டியின் நினைவு அத்தனை காலம் காத்திருக்காது.