சம்மதத் தாளில் கையொப்பமிடுமுன்

வயலில் பாம்பு தீண்டினால் விஷமுறிவு மருந்தே உயிர் காக்கும். ஆனால் அம்மருந்தே சிலருக்கு மூச்சுத்திணறல் போன்ற கடும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். இதைத் தடுக்கும் வழி தேடி, களனிப் பல்கலைக்கழக மருத்துவர்களின் தலைமையில் 2005 முதல் 2008 வரை இலங்கையில் 1,007 பேரிடம் ஆய்வு நடந்தது. விஷமுறிவு மருந்து எல்லாருக்கும் கிடைத்தது. அதற்குமுன் யாருக்குத் தடுப்பு மருந்து, யாருக்கு வெற்று மருந்து என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. சிறிதளவு அட்ரினலின் கடும் ஒவ்வாமையைக் குறைக்கிறது என்ற முடிவு 2011இல் வெளியானது. வழக்கமாகக் கொடுத்துவந்த வேறு இரு மருந்துகள் பயன் தரவில்லை.

நாளை உங்களிடமும் சம்மதம் கேட்கலாம். நிவாரணத் தாள்போல் எண்ணி உடனே கையொப்பமிட வேண்டாம். தமிழில் விளக்கம் கேளுங்கள். நீங்கள் மறுத்தாலும், இடையில் விலகினாலும் வழமையான சிகிச்சை உங்கள் உரிமை.