படகு போனாலும் கரை இருக்கிறது

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் அன்பர்கள் நெம்மேலியைக் கடந்துதான் போகிறார்கள். ஆனால் அவர்களுடைய கண்கள் கிழக்கே சமுத்திரத்தின் மீதே இருக்கும். மேற்கே திரும்பினால், ஓசையின்றிக் கிடக்கும் ஒரு நீர்வழி தென்படும். அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட இக்கால்வாய், பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, 1877-78-ல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 5 மைல் தூரத்தைப் பசித்த ஏழைகள் மண் சுமந்து வெட்டினார்கள். அவர்களுடைய பெயர் யாருக்கும் தெரியாது. கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்தான் நிலைத்தது!

விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் இவ்வழியே சென்னைக்குப் போயின. காற்று அனுகூலமானால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் கரையோரம் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இக்கால்வாய்ப் பிரயாணத்தைப் பற்றிய பாடலே. ரெயிலும் லாரியும் பெருகின, படகுகள் மறைந்தன. நகருக்குள் கால்வாயிலேயே ரெயில் பாலத்தின் தூண்கள் எழுந்து விட்டன. நெம்மேலிப் பக்கத்தில் அந்தக் கதி நேரவில்லை; தலைக்கு மேலே வானம் திறந்திருக்கிறது.

படகு போன பிறகு கரை எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் பொடோமாக் நதியோரமும் இத்தகைய கால்வாய் ஒன்று உண்டு. 1924-ல் அதில் படகுப் போக்குவரத்து நின்றது. அங்கே மோட்டார் சாலை போடலாம் என்று 1954-ல் ஒரு பத்திரிகை எழுதிற்று. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், “என்னோடு நடந்து பாருங்கள், பிறகு எழுதுங்கள்” என்ற பொருளில் ஆசிரியர்களுக்கு அழைப்பு விடுத்தார். படகு இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த பாதையில் 184½ மைல் நடந்தும் காட்டினார். 1971-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. இன்று நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் அப்பாதையை அனுபவிக்கிறார்கள்.

நம் கால்வாயை 2008-ல் தேசிய நீர்வழியில் சேர்த்தார்கள். நீருக்குச் சட்டம் வந்தது. கரையையும் நினைக்க வேண்டாமா? முட்டுக்காட்டிலிருந்து நெம்மேலி வழியாக மாமல்லபுரம் வரை ஒரு மண் பாதையும் நிழல் மரங்களும் போதும். பாட்டனார் உலாவலாம்; குழந்தைகள் சைக்கிள் விடலாம்; நாரையும் கூழைக்கடாவும் பார்க்கலாம். மீன் பிடிப்போரின் வழியை மறிக்காமல் அமைப்பது முக்கியம்.

ஏழைகளின் வியர்வையால் உண்டான கால்வாய் அது. அதன் கரை எல்லோருக்கும் திறந்திருப்பதே நியாயம்.