ஆகாயத்தின் எல்லைகள் – 9: எண்ணில்தான் எல்லை

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுபவர்களின் ‘செக்‌ஷனல்’ வரைபடத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியைப் பிரித்தால், முதலில் கண்ணில் படுபவை கோடுகள். பெரிய விமான நிலையத்தைச் சூழ்ந்த ‘பி’ வகுப்புக்கு அழுத்தமான நீலக் கோடு. ‘சி’ வகுப்புக்கு மெஜந்தா கோடு. ‘டி’ வகுப்புக்கு விட்டுவிட்டுச் செல்லும் நீலக் கோடு. நிறங்களை மனப்பாடம் செய்துவிட்டால் எல்லை புரிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. நிறம் வகுப்பை மட்டுமே சொல்கிறது. உண்மையான எல்லை கோட்டுக்குள் அச்சிட்ட எண்களில் இருக்கிறது. மேலே 100, கீழே 50 என்றிருந்தால், கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கும் 10,000 அடிக்கும் இடைப்பட்ட வெளிதான் ‘பி’ வகுப்பு. 4,500 அடியில் பறப்பவர் அதைத் தொடாமல் அடியில் போய்விடலாம். 5,500 அடியில் வருபவருக்குக் கட்டுப்பாட்டாளரின் வெளிப்படையான அனுமதி வேண்டும்.

இத்தனை அடுக்குகள் எதற்கு, தரையிலிருந்து நேராக ஓர் உருளையை எழுப்பினால் போதாதா என்று கேட்கலாம். இறங்கும் பயணிகள் விமானம் சுமார் மூன்று டிகிரி சரிவில், ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி வீதம் தாழ்கிறது. பத்து மைல் தள்ளி அது 3,000 அடி உயரத்தில் இருக்கும். அங்கே தரைவரை வெளியை அடைப்பதில் பயனில்லை. அதனால்தான் ‘பி’ வகுப்பு தலைகீழாக நிறுத்திய கோபுரம்போல மேலே போகப்போக அகலுகிறது. ஒவ்வோர் எண்ணும் பெரிய விமானத்துக்கும் சிறிய விமானத்துக்கும் இடையிலான பங்கீடு.

இந்தப் பங்கீடு உயரத்தை நம்பியே நிற்கிறது என்பதை 1986 ஆகஸ்ட் 31 காட்டியது. அன்று லாஸ் ஏஞ்சலஸை நோக்கி இறங்கிய ஏரோமெக்ஸிகோ விமானமும், கட்டுப்பாட்டு வெளிக்குள் அனுமதியின்றிப் புகுந்த சிறிய பைப்பர் விமானமும் செரிட்டோஸ் நகருக்கு மேல் மோதின. தரையில் இருந்த 15 பேர் உட்பட 82 பேர் இறந்தார்கள். பைப்பரில் உயரத்தைத் தானாகத் தெரிவிக்கும் வசதி இல்லை. எல்லை மீறியவர்மீதே முழுப் பழியையும் போடுவது எளிது. விசாரணை வாரியம் அப்படிச் செய்யவில்லை. மோதலைத் தடுக்க முடியாத கட்டுப்பாட்டு முறையின் போதாமையையே முதற்காரணமாகச் சொன்னது; அத்துமீறல் அதற்குத் துணைக்காரணமே. பின்னர் பெரிய நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் தெரிவிக்கும் கருவி கட்டாயமானது. அந்த வட்டமும் மெல்லிய மெஜந்தா கோடாக வரைபடத்தில் ஏறியது.

இன்று டேப்லெட் திரையே எச்சரிக்கிறதே, வரைபடம் படிக்கும் திறமை இன்னும் தேவையா என்ற கேள்வி நியாயமானது. திரையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது பல தவறுகளைத் தடுக்கிறது. ஆனால் எல்லையின் 5,000 அடியை விமானி கடைப்பிடிப்பது காற்றழுத்தத்தால் இயங்கும் உயரமானியை வைத்து. ஜிபிஎஸ் காட்டும் உயரம் அதிலிருந்து வேறுபடலாம். உயரமானியின் அழுத்த அளவை ஓர் அங்குலம் பிசகாக வைத்தாலே சுமார் 1,000 அடி தவறிவிடும். நெருங்கும் எல்லை எது, அங்கே அனுமதி வேண்டுமா, ‘சி’ வகுப்பைப்போல ரேடியோத் தொடர்பு ஏற்பட்டால் போதுமா என்பதை முன்கூட்டியே அறிந்தவருக்குத்தான் அந்த எச்சரிக்கை முழுப் பயன் தரும். ஆகவே பயிற்சியில் நிறத்துக்கு முன்னால் எண்ணையும், அந்த எண் அங்கே நிற்கும் காரணத்தையும் கற்பிக்க வேண்டும்.

(தொடரும்)